டான்சில் ஆபரேஷன்: வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையை எப்படித் தயார்செய்வது?

ஆறு வயது மகன். ஆட்டிசம். பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் பேச்சு இல்லை. இரவெல்லாம் குறட்டை, நடுவில் மூச்சு அடைத்துத் திணறி எழுகிறான். டான்சிலையும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையையும் எடுத்துவிட வேண்டும் என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்லி, மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார். புதிய ஆள் தொட்டாலே அலறுகிற பிள்ளை, வலிக்கிறது என்று சொல்லவும் தெரியாது, இவனை எப்படித் தயார்செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் சிறப்புக் கல்வி ஆசிரியை. என் மகனுக்கும் ஆட்டிசம். ஏழு வயதில் அவனுக்கு இதே ஆபரேஷன் நடந்தது. பிறகு என்னிடம் படித்த பிள்ளைகள் சிலருடைய பெற்றோருக்கும் இதில் துணை நின்றிருக்கிறேன். மருத்துவர் இல்லை. அதனால் மருந்து எது, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான். மற்றதைச் சொல்கிறேன்.

உங்களைப் போலவே நானும் ஆபரேஷன் நாளை நினைத்துத்தான் பயந்தேன். தியேட்டர், மாஸ்க், ஊசி என்று எனக்குக் கிடைத்த நாட்களையெல்லாம் அதற்கே செலவிட்டேன். அந்த நாள் எப்படியோ கடந்துவிட்டது. அதற்குப் பின் வந்த பத்து நாளுக்குத்தான் நான் தயாராக இல்லை. தியேட்டருக்குள் நடப்பது அரை மணி, முக்கால் மணி வேலை. அதைச் செய்ய அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் தண்ணீர் குடிக்க வைப்பது, மருந்தை உள்ளே இறக்குவது, வலியை அவன் உடம்பைப் பார்த்தே கண்டுபிடிப்பது, இவை உங்கள் தலையில்தான் விழும். ஆகவே மூன்று வாரத்தில் பெரும்பகுதியை இதற்கு ஒதுக்குங்கள்.

என்ன நடக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன் வாய் வழியாகவே நடக்கும், வெளியே வெட்டு, தையல் எதுவும் இருக்காது. தொண்டையின் இரு பக்கமும் புண் இருக்கும், அதன்மேல் வெள்ளையாக ஒரு படலம் படியும். பார்த்தால் சீழ் போலத் தெரியும், வாய் நாறும். அது சீழ் இல்லை, புண் ஆறுகிற விதமே அப்படித்தான். வலி முதல் நாளைவிட மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை கூடுவது சகஜம். முழுக்கக் குறைய ஒரு வாரம் ஆகும், சிலருக்கு இரண்டு வாரம். காதும் வலிக்கும், ஏனென்றால் தொண்டைக்கும் காதுக்கும் போகிற நரம்பு ஒன்றே. பிள்ளை காதில் அடித்துக்கொண்டால் காதில் ஏதோ வந்துவிட்டது என்று பதறாதீர்கள், தொண்டை வலியாக இருக்கலாம். குறட்டையும் உடனே நிற்காது. வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம்.

இனி மருந்து. இன்றைக்கே ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் இரண்டு வாங்குங்கள். ஒன்றை விளையாடக் கொடுத்துவிடுங்கள். மற்றதில் அவனுக்குப் பிடித்த ஜூஸை எடுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நேராகத் தொண்டைக்கு அடிக்கக் கூடாது. தினம் நான்கு தடவை, ஆபரேஷனுக்குப் பிறகு எந்த நேரங்களில் மருந்து கொடுப்பீர்களோ அதே நேரங்களில். அது முடிந்ததும் அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று, எப்போதும் அதே ஒன்று. இரண்டு வாரத்தில் இது பழக்கமாகிவிடும். வலியுள்ள தொண்டையோடு நான்காம் நாள் இரவு இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது, நான் முயன்று தோற்றிருக்கிறேன். மருந்தைச் சாப்பாட்டில் ஒளித்து வைக்காதீர்கள். ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அந்தச் சாப்பாட்டையே தொட மாட்டான், ஏற்கெனவே பத்துப் பண்டம்தான் சாப்பிடுகிற பிள்ளைக்கு ஒன்பதாகிவிடும். வாய் வழியாக எதுவுமே போகாவிட்டால் ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கலாமா, அவன் எடைக்கு எது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் என்றும், 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. டாக்டர் எழுதியது எது என்று பாட்டிலில் படித்துப் பாருங்கள். அப்புறம், ஐபூபுரோஃபெனும் பாராசிட்டமாலும் கலந்த சிரப் நம் ஊரில் சாதாரணமாகப் புழங்குகிறது. அதையும் கொடுத்து, தனியாகப் பாராசிட்டமாலும் கொடுத்தால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிவிடும். வலி வந்த பிறகு தேடிக் கொடுப்பதைவிட, முதல் சில நாட்கள் கடிகாரம் பார்த்து நேரத்துக்குக் கொடுப்பது நல்லது. சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். இரவிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் கூடாது, ரத்தப்போக்கைக் கூட்டும். கோடீன், டிரமடால் என்ற வலி மருந்துகள் கலந்த எதையும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சில பிள்ளைகளின் உடம்பு கோடீனை அளவுக்கு மீறி வேகமாக மார்ஃபினாக மாற்றி, மூச்சையே அடக்கிவிடும். டான்சில் எடுத்த பிள்ளைகள் இப்படி இறந்த பிறகுதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-ல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டுமே கூடாது என்று சொல்லிவிட்டது. தூக்கத்தில் மூச்சு அடைக்கிற உங்கள் பிள்ளை போன்றவர்களுக்கே இதில் ஆபத்து அதிகம்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சொல்லத் தெரியாதவனின் வலியை எப்படி அறிவது? ஆஸ்பத்திரிகளில் ஃப்ளாக் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். முகம், கால்கள், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறானா, இந்த ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை கொடுத்து, மொத்தம் பத்துக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்றே அதைத் திருத்தி ஒரு வடிவம் வந்திருக்கிறது. தன் பிள்ளைக்கு மட்டும் உரிய வலிக் குறிகளைப் பெற்றோர் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போன தடவை காய்ச்சலில் என்ன செய்தான், முழங்கால் சிராய்த்தபோது, பல் முளைத்தபோது என்ன செய்தான் என்று நீங்களும் கணவரும் பாட்டியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். என் மகன் வலித்தால் அழ மாட்டான், சிரிப்பான். தனக்குள் ஒரு மாதிரி உரக்கச் சிரித்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுவான். முதல் நாள் இரவு வார்டில் நர்ஸ் அதைப் பார்த்து, "பையன் நல்லா இருக்கான்" என்று எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சில பிள்ளைகள் ஒரேயடியாக அமைதியாகிவிடுவார்கள், கையைக் கடிப்பார்கள், தலையைச் சுவரில் முட்டுவார்கள். அவன் சாதாரணமாக விளையாடுவதை, சாப்பிடுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். "இவன் எப்போதும் இப்படித்தானே?" என்று யாராவது கேட்டால் அதைக் காட்டலாம். ஆட்டிசத்தால் இப்படிச் செய்கிறான் என்று வலியைத் தள்ளிவிடுவது படித்தவர்களுக்கும் நேர்கிற தவறு.

படஅட்டை பழக்கம் இருந்தால் வலி, தண்ணீர், போதும், வீடு என்று நான்கு அட்டைகளைச் சேர்த்துவிடுங்கள். படத்தைத் தொட்டால் சொல்லைப் பேசிக் காட்டும், சென்னையில் உருவான அவாஸ் செயலி போல ஏதாவது பயன்படுத்தினால் அதிலேயே ஒரு பக்கம் தயார்செய்துவிடலாம். தொண்டை வலிக்கும்போது இருக்கிற பத்துச் சொல்லும் போய்விடும், சில நாள் வாயே திறக்க மாட்டான். அது திரும்பி வரும். அதுவரை அட்டை வேண்டும்.

அடுத்தது தண்ணீர். எல்லோரும் ஐஸ்கிரீம் என்பார்கள். என் மகனுக்குக் குளிர்ந்தது எதுவும் ஆகாது. மூன்று வகை ஐஸ்கிரீம் வாங்கி ஃப்ரீசரில் அடுக்கி வைத்திருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து, சூடு ஆறின அரிசிக் கஞ்சியில் லேசாக உப்புப் போட்டு, அவனுடைய பழைய எவர்சில்வர் தம்ளரில் கொடுத்தபோதுதான் குடித்தான். ஆகவே பொதுவான பட்டியலை விட்டுவிட்டு உங்கள் பிள்ளை குடிக்கிற மூன்று பானங்களை, அவனுடைய பாத்திரத்திலேயே, இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். இளநீர், கஞ்சி, ஆறின பால், புளிக்காத மோர், எதுவானாலும் சரி. சிவப்பு, ரோஸ் நிறத்தில் மட்டும் எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் ரத்தமா, ரோஸ் மில்க்கா என்று தெரியாமல் நீங்கள் தவித்துப்போவீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பாடு போகவில்லை என்றால் கவலை இல்லை, தண்ணீர் போகாமல் இருக்கக் கூடாது. தொண்டை காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் விழுங்க மாட்டான், அப்படியே ஒரு சுழல். மருந்து கொடுத்து அரை மணி கழித்துக் குடிக்கக் கொடுத்தால் கொஞ்சம் சுலபம். எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்கவில்லை, உதடு காய்ந்திருக்கிறது, சோர்ந்து கிடக்கிறான் என்றால் டிரிப்ஸ் தேவைப்படலாம், கிளம்பிவிடுங்கள். சாப்பாடு என்று வரும்போது குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறின இட்லி. முறுக்கு, அப்பளம், காரம், புளிப்பு இரண்டு வாரத்துக்கு வீட்டிலேயே இருக்க வேண்டாம். பென்சில், டூத்பிரஷ், பிளாஸ்டிக் பொம்மை என்று எதையாவது வாயில் போட்டுக் கடிக்கிற பிள்ளையா? அப்படியானால் கூர்மையானதையெல்லாம் எடுத்துவிட்டு, மெத்தென்ற கடிக்கும் பொருள் ஒன்றை இப்போதிருந்தே பழக்குங்கள். சாதாரணப் பிள்ளைகளுக்கு எழுதிய தாள்களில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, இனி ஆஸ்பத்திரி.

முக்கியமாகச் சந்திக்க வேண்டியவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். வழக்கமாக முந்தின நாளோ, அன்று காலையோதான் வருவார். ஒரு வாரத்துக்கு முன்பே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையைப் பற்றி ஒரே பக்கத்தில் எழுதி அவர் கையில் கொடுங்கள். எதைக் கண்டால் பயம், எது அமைதிப்படுத்தும், எப்படிப் பேசினால் புரியும், எடை எவ்வளவு, என்ன மருந்து எடுக்கிறான், வலி வந்தால் என்ன செய்வான். இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் இதையே ஹாஸ்பிடல் பாஸ்போர்ட் என்று பெயர் வைத்து நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகத்தான் கொடுக்க வேண்டும். நான்கு பிரதி எடுத்து ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, அன்றைய ஆபரேஷன் பட்டியலில் முதல் ஆளாகப் போட முடியுமா என்பது. பசியோடும் கூட்டத்தோடும் காத்திருக்கும் நேரம்தான் இந்தப் பிள்ளைகளை உடைக்கும். திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும், தெளிந்த தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுக்கலாம் என்பது பொதுவான கணக்கு. "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எதுவும் கூடாது" என்று மொத்தமாகச் சொன்னால், தண்ணீருக்கும் அதுதானா என்று பணிவாகக் கேட்டு, அவர் சொல்கிற மணியை எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை வீட்டில் யாரும் அவன் எதிரில் சாப்பிட வேண்டாம். பிஸ்கட் டப்பாவைப் பூட்டுங்கள். தெரியாமல் ஒரு வாய் தின்றுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, தியேட்டருக்குப் போகும் முன் பதற்றம் தணிக்கும் மருந்து. மிடசோலம் என்ற மருந்தை வாயில் கொடுத்தால் அரை மணிக்குள் தளர்ந்துவிடுவார்கள். கசக்கும், அந்த சிரிஞ்ச் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும். சில பிள்ளைகளுக்கு இது எதிர்மாறாக வேலை செய்து ஆட்டம் போட வைக்கும். முன்பு ஸ்கேனுக்கோ பல் வைத்தியத்துக்கோ மயக்க மருந்து கொடுத்தபோது என்ன ஆயிற்று என்பதைச் சொல்லுங்கள். மூன்றாவது, ஊசி குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் கிரீம். ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவி மூடி வைக்க வேண்டும், அதனால் முந்தின நாளே கேட்டு வையுங்கள். மருந்துக்கடையில் நீங்களே வாங்கிப் போனாலும் தப்பில்லை. நான்காவது, அவன் மயங்கும் வரை நீங்கள் கூட இருக்கலாமா என்பது. அனுமதிக்காவிட்டாலும், கண் விழிக்கும்போது கட்டிலருகே உங்களைக் கூப்பிடுவதாக வாக்கு வாங்குங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏனென்றால் மயக்கம் தெளியும்போது சிறு பிள்ளைகள் பலர் தன்னை மறந்து கத்துவார்கள், உதைப்பார்கள், உங்களையே அடையாளம் தெரியாது. பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடும். அதை முதல்முறை பார்க்கிற தாய்க்கு உயிரே போய்விடும், முன்பே தெரிந்திருந்தால் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம். டிரிப்ஸ் ஊசியை அவன் அதிகம் பயன்படுத்தாத கையில் போடச் சொல்லி, கண்ணில் படாதபடி துணியால் சுற்றிவிடச் சொல்லுங்கள். பார்த்தால் பிடுங்கிவிடுவான்.

மாஸ்க்கை வீட்டிலேயே பழக்கலாம். வீட்டில் நெபுலைசர் மாஸ்க் இருந்தால் அதுவே போதும். முதலில் உங்கள் முகத்தில், பிறகு பொம்மைக்கு, பிறகு அவன் முகத்தில் மூன்று எண்ணும் வரை, மெல்லப் பத்து வரை. அந்த எண்ணிக்கையை ஒரே ராகத்தில் சொல்லுங்கள். அன்று டாக்டரையும் அதே ராகத்தில் எண்ணச் சொல்லலாம், என் மகனுக்கு அந்த டாக்டர் மனமார எண்ணினார். கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோஷியல் ஸ்டோரி முறை, அதாவது நடக்கப்போவதைச் சின்னக் கதையாக முன்கூட்டியே சொல்வது, உங்கள் பிள்ளையின் வகுப்பில் பழக்கமாக இருக்கும். அதைப் போல ஏழெட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் செய்யுங்கள். கூகுள் படங்கள் வேண்டாம். அந்த ஆஸ்பத்திரிக்கே போய் வாசல், லிஃப்ட், கட்டில், பச்சை உடுப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் படம் எடுத்து வாருங்கள். கடைசிப் படம் வீடு. "வலிக்காது" என்று மட்டும் எழுதாதீர்கள். நான் அப்படிச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு பல வாரம் என் கையிலிருந்து எதையும் வாங்க மறுத்தான். "தொண்டை வலிக்கும். அம்மா மருந்து தருவாள். வலி குறையும்" என்று எழுதுங்கள், அது உண்மை.

இன்னொரு யோசனை. ஒரே மயக்கத்தில் வேறு எதையெல்லாம் முடிக்கலாம் என்று கேளுங்கள். பார்க்கவே விடாத பற்கள், காது அழுக்கு, எடுக்கவே முடியாத ரத்தப் பரிசோதனை. டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் பிள்ளைக்கு இன்னொரு மயக்கம் மிச்சம். தூக்க மூச்சடைப்புக்காக எடுப்பதால், டான்சிலை முழுக்க எடுக்காமல் அதன் உறையை விட்டு உள்ளே மட்டும் குறைக்கும் முறை அவனுக்குப் பொருந்துமா என்றும் கேட்கலாம். வலியும் ரத்தப்போக்கும் குறைவு, மறுபடி வளரச் சின்ன வாய்ப்பு உண்டு.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காகவும் கொஞ்சம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால் கழுத்து எலும்பின் தளர்ச்சி, இதயம் இரண்டையும் பற்றி ஆபரேஷனுக்கு முன்பே பேசியாக வேண்டும். தூக்கப் பரிசோதனை, ஆபரேஷன் அன்று இரவு ஆஸ்பத்திரியில் கண்காணிப்பு, இரண்டையும் கேளுங்கள். அவர்களில் பலருக்கு டான்சில் எடுத்த பிறகும் மூச்சடைப்பு மிச்சம் இருக்கும், மறுபரிசோதனை வேண்டும். வலிப்பு மருந்தை அன்று காலையும் நிறுத்தக் கூடாது என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது, எவ்வளவு தண்ணீரோடு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சிலருக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும், அதை எடுக்கிற பிள்ளை என்றால் அறுவை மருத்துவருக்கு அது தெரிய வேண்டும்.

ரத்தம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் 24 மணி நேரத்திலும், பிறகு படலம் உதிரும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரையிலும் ரத்தம் கசிய வாய்ப்பு உண்டு. சொல்லத் தெரியாத பிள்ளை அதை விழுங்கிக்கொண்டே இருப்பான். தூக்கத்திலும் திரும்பத் திரும்ப விழுங்குகிறானா என்று பாருங்கள். தலையணையில் இளநிறத் துணி போடுங்கள். எச்சிலில், மூக்கில், வாந்தியில் புது ரத்தம் கொஞ்சமே தெரிந்தாலும், நடு இரவானாலும், போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நின்றுவிட்டது போலத் தெரிந்தாலும் போங்கள். அதற்காகவே அந்த இரண்டு வாரமும் வெளியூர்ப் பயணம், கல்யாணம், பள்ளிக்கூடம் எதுவும் வேண்டாம். பாட்டி வீடு ஆஸ்பத்திரியிலிருந்து தொலைவு என்றால் பாட்டி உங்கள் வீட்டுக்கு வரட்டும்.

செலவுக்கு, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, எல்லா பில்லையும் அசலாகச் சேர்த்து வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த ஆபரேஷன் அதில் வருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் தேதிக்கு முன்பே கேளுங்கள்.

காலண்டரில் ஆபரேஷன் நாளுக்குப் பேனாவால் வட்டம் போடாதீர்கள். தேதிக்கு முன் சளியோ காய்ச்சலோ வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் அன்றே சொல்லியாக வேண்டும், சில வாரம் தள்ளிப்போடலாம். தேதி மாறுவதை நம் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிப் படத்தை ஒட்டி எடுக்கிற வெல்க்ரோவில் வைத்து, நான்கு நாள் இருக்கும்போது மட்டும் காலண்டரில் ஒட்டுங்கள். தள்ளிப்போனால் அவன் கையாலேயே அதை எடுத்து அடுத்த பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.